பட்டாளத்தில் இருந்துகொண்டு ‘மனசு ஒப்பவில்லை’ என்றால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லாவரத்தில் எங்கள் தெருவில் எனக்கு ‘மிலிட்டரி கிளார்க்’ என்றுதான் பெயர். 1984 முதல் 2001 வரை 17 வருடம் தரைப்படையில் எழுத்தராக இருந்தேன். துப்பாக்கியைப் பிடித்ததைவிட டைப்ரைட்டரைத் தட்டியதுதான் அதிகம். இப்போது பென்ஷன் மனு, விதவை பென்ஷன் திருத்தம், கேண்டீன் கார்டு என்று யார் வந்தாலும் எழுதிக் கொடுக்கிறேன். வேலை முடிந்து கிளம்பும்போது சிலர் குரலைத் தாழ்த்தி வேறொன்று கேட்பார்கள். “சார், பையன் திரும்பிப் போக மாட்டேங்கிறான். பயம் இல்லையாம். மனசு ஒப்பலையாம்.” பதினைந்து இருபது பேராவது கேட்டிருப்பார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதிவைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலிடம்தான் போக வேண்டும்.

மனசாட்சி மறுப்பு என்றால் என்ன? பயந்து ஓடுவதற்கு நாகரிகமான பேரா?

இல்லை. மனசாட்சி இடம் கொடுக்காததால் ஆயுதம் எடுக்கவோ உத்தரவை நிறைவேற்றவோ மறுப்பதுதான் மனசாட்சி மறுப்பு. பயந்தவன் தன் உயிரை நினைக்கிறான். மனசாட்சி மறுப்பாளன் தன் கையால் போகப்போகும் உயிரை நினைக்கிறான். நடைமுறையில் இரண்டும் ஒரே ஆளிடம் கலந்தே இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயமே இல்லாத பட்டாளத்துக்காரனை நான் பார்த்ததில்லை.

இதில் இரண்டு வகை உண்டு. ஒருவன் எந்தப் போரிலும் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்பான். இன்னொருவன் இந்தப் போரில், இந்த உத்தரவுக்கு மட்டும் மாட்டேன் என்பான். உலகம் முழுக்கச் சட்டம் முதல் ஆளிடம் கொஞ்சமாவது இரக்கம் காட்டும். இரண்டாவது ஆளிடம் அநேகமாகக் காட்டாது. என்னைக் கேட்டால், மறுக்கும் சிப்பாய்களில் பெரும்பாலோர் இரண்டாவது வகைதான்.

நம் நாட்டில் கட்டாய ராணுவம் கிடையாதே. தானாகப் போய்ச் சேர்ந்தவர் எப்படி மனசாட்சி பேசலாம்?

என்னிடம் வந்து கோபப்படுகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் பதினெட்டு வயதில் ஆள்சேர்ப்பு மைதானத்தில் ஓடி ஜெயித்தவனும், இருபத்தாறு வயதில் முதல் பிணத்தைப் பார்த்தவனும் ஒரே ஆளா? கையெழுத்து ஒன்றுதான், ஆள் மாறியிருப்பான். ஐ.நா. மனித உரிமை ஆணையம் 1998இல் போட்ட தீர்மானமும் ராணுவத்தில் பணியாற்றிக்கொண்டிருக்கும்போதே ஒருவருக்கு இந்த மறுப்பு வரலாம் என்று ஒப்புக்கொள்கிறது.

உறுதிமொழியையும் மறக்கக் கூடாது. நிலம், கடல், வான் எந்த வழியாக அனுப்பினாலும் போவேன், மேலதிகாரியின் உத்தரவுக்கு உயிருக்கே ஆபத்து வந்தாலும் கீழ்ப்படிவேன் என்று சொல்லித்தான் எல்லோரும் சேர்ந்தோம். அதே உறுதிமொழி தொடங்குவது அரசியல் சாசனத்துக்கு உண்மையாக இருப்பேன் என்பதில். அந்த முதல் வரியை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

அரசியல் சாசனத்தில் மனசாட்சிச் சுதந்திரம் இருக்கிறதே?

இருக்கிறது. 25ஆம் பிரிவு அந்த வார்த்தையையே சொல்கிறது. கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேர், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது தவறு என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனால் சீருடை போட்டதும் 33ஆம் பிரிவு குறுக்கே வருகிறது. படையில் இருப்பவர்களுக்கு அடிப்படை உரிமைகள் எவ்வளவு என்பதை நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் குறைக்கலாம். 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். மனசாட்சி காரணமாக விலகுவதற்கு ஒரு பிரிவு கூடக் கிடையாது. தண்டனைகளுக்குத்தான் பிரிவுகள். 41ஆம் பிரிவின்படி, மேலதிகாரி நேரில் கொடுக்கும் உத்தரவை எதிர்த்து நிற்கும் விதமாக மறுத்தால் 14 ஆண்டு வரை சிறை. அந்த அளவுக்கு இல்லாமல் வெறுமனே கீழ்ப்படியாமல் இருந்தால் களப்பணியில் 14 ஆண்டு வரை, மற்ற நேரத்தில் 5 ஆண்டு வரை. 38ஆம் பிரிவு ஓடிப்போவதற்கு. களப்பணியில் இருக்கும்போது ஓடினால் மரண தண்டனை வரை கொடுக்கலாம், மற்ற நேரத்தில் 7 ஆண்டு. குண்டு வெடித்தால்தான் களப்பணி என்று நினைக்காதீர்கள். ஓர் இடத்தில் இருப்பதையே களப்பணி என்று அறிவிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு.

இதெல்லாம் உச்சவரம்பு. ஜவான் விஷயத்தில் நான் அதிகம் பார்த்தது சம்மரி கோர்ட் மார்ஷல், அதாவது யூனிட்டிலேயே நடக்கும் சுருக்கமான ராணுவ விசாரணை. யூனிட்டின் தலைமை அதிகாரியான சிஓ ஒருவரே உட்கார்ந்து விசாரிப்பார். அவர் லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேல் என்றால் ஓராண்டு வரை சிறை கொடுக்கலாம். காலையில் தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டு உள்ளே அழைத்துப் போவார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துபோனதும் உண்டு.

அப்படியானால் எந்த உத்தரவையும் மறுக்கவே முடியாதா?

முடியும், மறுக்கவும் வேண்டும். ஆனால் அதற்குப் பெயர் மனசாட்சி மறுப்பு அல்ல.

41ஆம் பிரிவு ‘உத்தரவு’ என்று மட்டும் சொல்லவில்லை, ‘சட்டப்படியான உத்தரவு’ என்கிறது. கைதியைச் சுடு, அந்த வீட்டில் இருக்கும் பெண்ணை இழுத்து வா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 14ஆம் பிரிவிலும், அதற்கு முன் இருந்த பழைய தண்டனைச் சட்டத்தின் 76ஆம் பிரிவிலும் ஓர் உதாரணம் உண்டு: மேலதிகாரி சொல்லிக் கூட்டத்தின் மீது சுட்ட சிப்பாய் குற்றவாளி இல்லை. பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். அதே வரியில் ‘சட்டத்தின் கட்டளைகளுக்கு இணங்க’ என்ற நிபந்தனையும் இருக்கிறது. 2011இல் ஒரு போலி என்கவுன்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம், மேலதிகாரி சொன்னார் என்பது சாக்காகாது என்று ஹிட்லரின் ஆட்கள் மீது நடந்த நியூரம்பெர்க் விசாரணையைச் சுட்டிக்காட்டியே சொன்னது. அது போலீஸ் வழக்குதான். ஆனால் காக்கிக்குச் சொன்னது ஆலிவ் பச்சைக்குப் பொருந்தாது என்று யார் சொல்வார்கள்?

சிக்கல் நடுவில் இருக்கிறது. உத்தரவு சட்டப்படிதான் இருக்கும், உங்களுக்கு மட்டும் அது தாங்காது. அந்த இடத்துக்கு நம் சட்டத்தில் வாசல் வைக்கவில்லை.

மதக் காரணம் சொன்னால்?

சமீபத்து வழக்கு ஒன்று இருக்கிறது. குதிரைப்படை மரபில் வந்த ஒரு டாங்கிப் பிரிவில் கிறிஸ்தவ லெப்டினன்ட் ஒருவர் இருந்தார். அவர் படையினரோடு வாராந்தர மத அணிவகுப்புக்குப் போவார், வளாகத்தில் நிற்பார். கருவறைக்குள் மட்டும் நுழைய மாட்டேன், அது என் விசுவாசத்துக்கு விரோதம் என்றார். 2021இல் பென்ஷன், கிராஜுவிட்டி இல்லாமல் பணிநீக்கம் செய்தார்கள். 2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றமும் அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றமும் நீக்கியது சரி என்றன. ராணுவத்துக்குப் பொருந்தாதவர் என்பது உச்ச நீதிமன்றத்தின் பார்வை. 2016இல் விமானப்படை ஊழியர் ஒருவர் மதக் காரணத்துக்காகத் தாடி வைக்கக் கேட்டுத் தோற்றதும் இதே தடத்தில்தான்.

டெல்லித் தீர்ப்பைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் யூனிட்டில் மந்திர் பரேடுக்கு எல்லா மதத்துக்காரனும் வருவான். பிரசாதம் வாங்குவான், வெளியே வந்து பீடி பிடிப்பான். அதை ஒரு பிரச்சினையாக யாரும் நினைத்ததில்லை. ஆனால் ‘யாரும் நினைத்ததில்லை’ என்று நான் சொல்வதே, நினைத்தவன் வாயைத் திறக்கவில்லை என்பதாக இருக்கலாம்.

நம் பக்கத்தில் யாராவது இப்படி மறுத்ததுண்டா?

வேலூர்ப் புரட்சி எல்லோருக்கும் தெரியும், 1806 ஜூலை 10. அதற்கு இரண்டு மாதம் முந்தைய கதையைத்தான் யாரும் சொல்வதில்லை. நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும் என்று உத்தரவு. மே மாதமே சில சிப்பாய்கள் அந்தத் தலைப்பாகையை மாட்ட மாட்டோம் என்றார்கள். கலகம் இல்லை, கொலை இல்லை, மாட்டோம் என்றார்கள், அவ்வளவுதான். அவர்களைச் சென்னைக்கு, நம் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கொண்டுவந்து விசாரித்தார்கள். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்து வேலையிலிருந்து விரட்டினார்கள். பத்தொன்பது பேர் மன்னிப்புக் கேட்டுத் தப்பினார்கள். ஜூலையில் வேலூரில் ரத்தம் ஓடிய பிறகு உத்தரவை வாபஸ் வாங்கினார்கள், ஆளுநர் பெண்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. மே மாதம் அந்த இரண்டு பேர் சொன்னதைக் கேட்டிருந்தால்? தலைமைச் செயலகத்துக்கு மனு கொடுக்கக் கோட்டைக்குள் போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.

வடக்கே சந்திர சிங் கர்வாலி. 1930 ஏப்ரல் 23, பெஷாவரில் ஆயுதமில்லாத பட்டாணியர் கூட்டத்தைச் சுடச் சொன்னபோது, சுடாதே என்று தன் ஆட்களுக்குச் சொன்னார். ஆயுள் தண்டனை கிடைத்தது. 1941இல் விடுதலையானார். சுதந்திர இந்தியா அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. வெள்ளைக்காரனுக்கு மறுத்தவருக்கு ஸ்டாம்ப், நமக்கே மறுத்தால் கோர்ட் மார்ஷல் என்று ஒரு பையன் என்னிடம் சிரித்தான். எனக்குப் பதில் வரவில்லை.

இலங்கையில் அமைதிப்படை இருந்தபோது தமிழ்ச் சிப்பாய்கள் என்ன செய்தார்கள்?

எப்போது இந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

1987 ஜூலை ஒப்பந்தத்துக்குப் பிறகு போனது அமைதிப்படை. அக்டோபரில் புலிகளோடு சண்டை. 1990 மார்ச்சில் திரும்பும்போது நம் பக்கம் ஏறத்தாழ 1,200 பேர் இறந்திருந்தார்கள். கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அவர் காரணம் அவருக்கு. கப்பலிலிருந்து இறங்கினவனுக்கு ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டது போல இருந்தது.

மேல்மட்டத்தில் ஒரு மறுப்பு நடந்திருக்கிறது. அமைதிப்படையின் முதல் தளபதி மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங் பிறகு தன் நினைவுகளில் எழுதினார்: 1987 செப்டம்பரில், பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைப் பிடி அல்லது சுடு என்று இலங்கையில் இருந்த இந்தியத் தூதர் தீட்சித் தொலைபேசியில் சொன்னார், வெள்ளைக்கொடியில் வருகிறவனை முதுகில் சுடுவது ராணுவத்தின் வழக்கமல்ல என்று தான் மறுத்துவிட்டதாக. அதற்கு அவரைக் கோர்ட் மார்ஷல் செய்யவில்லை. ஜெனரல் மறுத்தால் அது ‘மாற்றுக் கருத்து’. சிப்பாய் மறுத்தால்?

நான் பார்த்ததைச் சொல்கிறேன். 1988இல் யாழ்ப்பாணத்துக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் எங்கள் அலுவலகம் இருந்தது. சோதனைச் சாவடியில் மொழிபெயர்க்கத் தமிழ்ப் பையன்களைத்தான் நிறுத்துவார்கள். ராமநாதபுரம் பக்கத்துப் பையன் ஒருவன், பெயர் வேண்டாம். ஒருநாள் சாயங்காலம் வந்து என் மேசை முன்னால் நின்றான். ஒரு கிழவி அவனிடம், “நீங்கள் எந்த ஊர் தம்பி, எங்கட ஆக்கள் போலக் கதைக்கிறியள்” என்று கேட்டாளாம். அதற்குள் அவள் பேரனை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். “சார், என்னால இனிமே முடியாது. டிஸ்சார்ஜ் எழுதிக் குடுங்க” என்றான்.

படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது, என் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அதில் என்ன எழுத? ‘கிழவி கேட்ட கேள்வி’ என்றா? ‘தந்தைக்குப் பக்கவாதம், கவனிக்க வேறு ஆளில்லை’ என்று தட்டினேன். ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் கழித்து அவனை விட்டார்கள். அவன் அப்பா அப்போது தோணியில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு நான் தட்டிய தாயார் நோய், மனைவி பிரசவம், நிலத் தகராறு இவற்றில் எத்தனை நிஜம் என்று எனக்கே தெரியாது. நம் ராணுவத்தில் மனசாட்சி மறுப்பாளர்களே இல்லை என்று யாராவது சொன்னால் நான் சிரித்துக்கொள்வேன். இருக்கிறார்கள். கோப்பில் அவர்களுக்கு ‘குடும்பச் சூழ்நிலை’ என்று பெயர்.

மற்ற நாடுகளில் எப்படி?

சம்பள ராணுவத்திலும் வழி வைத்திருக்கும் நாடுகள் உண்டு. அமெரிக்காவில் 1962 முதல் பணியில் இருப்பவரே மனசாட்சிக் காரணம் சொல்லி விலக விண்ணப்பிக்கலாம். பாதிரியாரும் மனநல மருத்துவரும் பேசுவார்கள், ஓர் அதிகாரி விசாரிப்பார். ஆனால் எல்லாப் போரையும் எதிர்ப்பவராக இருக்க வேண்டும். ‘வியட்நாம் மட்டும் வேண்டாம்’ என்பது செல்லாது என்று 1971இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பிரிட்டனில் 1970இலிருந்து ஓர் ஆலோசனைக் குழு இருக்கிறது. இருந்தும் ஈராக் போர் சட்டவிரோதம், போக மாட்டேன் என்ற விமானப்படை மருத்துவர் மால்கம் கெண்டால்-ஸ்மித்துக்கு 2006இல் 8 மாதச் சிறை கிடைத்தது.

எனக்குப் பிடித்தது ஜெர்மனி. ஹிட்லரைப் பார்த்துவிட்டு 1949இல் எழுதிய சாசனம் அது; மனசாட்சிக்கு எதிராக யாரையும் ஆயுதப் பணி செய்ய வற்புறுத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது. மேஜர் ஃப்ளோரியன் பாஃப் என்பவர் கணினி மென்பொருள் வேலையில் இருந்தார். தான் செய்வது ஈராக் போருக்கு உதவக்கூடும் என்று மறுத்தார். பதவியைக் குறைத்தார்கள். 2005இல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. துப்பாக்கியே தொடாத ஒருவருடைய மனசாட்சி! பழைய கிளார்க் என்ற முறையில் எனக்கு இது ரொம்ப முக்கியம்.

பையன் லீவு முடிந்தும் போகவில்லை. வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. இதை மட்டும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். லீவு தாண்டினால் முதலில் அது ‘அனுமதியில்லாமல் வராதது’, ராணுவச் சட்டம் 39ஆம் பிரிவு, 3 ஆண்டு வரை. 30 நாள் ஆனால் விசாரணைக் குழு கூடி, ஓடிப்போனவர் என்று பதிவு செய்துவிடும். உள்ளூர்ப் போலீஸுக்குத் தகவல் வரும். ஓடிப்போனவர் என்று தெரிந்தே அடைக்கலம் கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 164ஆம் பிரிவின்படி குற்றம், 2 ஆண்டு வரை. அதில் விதிவிலக்கு கணவன் மனைவிக்கு மட்டும்தான். சோறு போட்ட அம்மாவுக்கு விலக்கு இல்லை, கட்டிக்கொண்டவளுக்கு உண்டு. யார் யோசித்து எழுதினார்களோ.

செய்ய வேண்டியது: உடனே யூனிட்டுக்குத் தந்தி போல ஒரு மின்னஞ்சலாவது அனுப்புங்கள். லீவு நீட்டிப்புக் கேளுங்கள். எவ்வளவு சீக்கிரம் தானாகத் திரும்புகிறானோ அவ்வளவு நல்லது. தூக்கமில்லை, கை நடுங்குகிறது, கனவில் கத்துகிறான் என்றால் ராணுவ மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அது மனசாட்சியா நோயா என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம், இரண்டுமாகவும் இருக்கலாம். திரும்பிய பிறகு சிஓவிடம் நேரில் பேசட்டும். அதற்குப் பிறகு ராணுவச் சட்டத்தின் 26ஆம் பிரிவு முறையீடு, அதிகாரியென்றால் 27. அப்புறம்தான் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதற்குச் சென்னையிலேயே கிளை இருக்கிறது.

டிஸ்சார்ஜ் கேட்டால் பென்ஷன் போய்விடுமா?

ஜவானுக்கு 15 வருடம் ஆகவில்லையென்றால் பென்ஷன் இல்லை. அதிகாரிக்கு 20. அதனால்தான் பன்னிரண்டாம் வருடத்தில் மனசு கசந்தவன் மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொள்வான்.

அக்னிவீரர் நடுவில் விலகலாமா?

நான்கு வருடத்துக்குள் தானாக விலக முடியாது என்பதுதான் விதி, மிக அரிதான நேரத்தில் மட்டும் அனுமதி. அப்படி வந்தாலும், நான்கு வருட முடிவில் மொத்தமாகத் தரும் சேவா நிதியில் அவர் கட்டியதும் அதன் வட்டியும்தான் வரும், அரசின் பங்கு வராது. பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் இருக்கும் கேடட் வேறு: பயிற்சி முடியும் முன் விலகிவிடலாம், செலவைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். சந்தேகம் இருந்தால் அந்தக் கட்டத்திலேயே வெளியே வருவதுதான் மலிவு.

மறுக்கச் சொல்லி வெளியில் நாம் பிரச்சாரம் செய்யலாமா?

போரை எதிர்த்துப் பேசலாம். ஒரு சிப்பாயைப் பிடித்துக் கடமையை விட்டுவிடு என்று இழுக்கக் கூடாது. அது பாரதிய நியாய சன்ஹிதா 159ஆம் பிரிவு, ஆயுள் தண்டனை வரை போகும். நான் யாருக்கும் போ என்றோ போகாதே என்றோ சொல்வதில்லை. விதி இது, படிவம் இது என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

மனுவில் உண்மையான காரணத்தை எழுதலாமா?

சட்டம் தடுக்கவில்லை. அது உதவும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ‘சுட மனமில்லை’ என்று எழுத்தில் கொடுத்தால் அதுவே கீழ்ப்படியாமைக்குச் சாட்சியாகக் கோப்பில் உட்காரும்.

போன ஐப்பசியில் ஒரு பையன் வந்தான், எட்டு வருட சர்வீஸ். எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு மேலே திரிசூலத்துக்கு இறங்கும் விமானம் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி அது போகும்வரை காத்திருப்பான். வழக்கம்போல ‘தாயார் உடல்நிலை’ என்று அடித்துக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, வெள்ளைத்தாள் ஒன்று கேட்டான். நாலு வரி தன் கையாலேயே எழுதினான். என்னிடம் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டையும் மடித்து ஒரே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

தை மாதம் அவன் அம்மாவைச் சந்தையில் பார்த்தேன். இன்னும் யூனிட்டில்தான் இருக்கிறானாம். ரைஃபிள் கம்பெனியிலிருந்து ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்களாம், கம்பளிக் கணக்கு எழுதுகிறானாம்.